வளர்ந்தவர்களின் முள்ளந்தண்டு வளைவு: சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும்

முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்து, வளையும்போதே திருகியும் கொள்ளும் நிலையை ஸ்கோலியோசிஸ் என்கிறோம். இதனைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வரும் நோயாகவே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் அண்மைக் காலத்தில் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் கணிசமானவை முப்பது வயதைக் கடந்தவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் எழுதியவை. ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருப்பதால் இம்முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியுள்ளேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவரை இனங்காட்டக்கூடிய விபரங்களை நீக்கியிருக்கிறேன். உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்து, உங்களைப் பரிசோதித்த வைத்தியரின் முடிவுக்கு ஈடாக இப்பதில்களைக் கொள்ளவேண்டாம். அவரிடம் எவற்றையெல்லாம் கேட்கவேண்டும் என்று தெரிந்துகொண்டு செல்வதற்கு இவை உதவட்டும்.

கேள்வி: எனக்கு 38 வயது. வங்கியில் பணிபுரிகிறேன். பதினைந்து வயதில் எடுத்த எக்ஸ்ரேயில் வளைவு 40 பாகை இருந்தது. வளர்ச்சி முடிந்ததும் அது நின்றுவிடும் என்றார்கள். இப்போது 57 பாகை. மாலையானால் நாரி நோ தாங்கமுடிவதில்லை. சத்திரசிகிச்சை செய்யலாம் என்று வைத்தியர் கூறுகிறார். இந்த வயதில் முதுகில் கத்தி வைக்கவேண்டாம் என்று அம்மா அழுகிறார். நான் என்ன செய்வது, டொக்டர்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வளர்ச்சியோடு வளைவும் நின்றுவிடும் என்பது பெரும்பாலும் 30 பாகைக்கு உட்பட்ட வளைவுகளுக்கே பொருந்தும். 50 பாகையைக் கடந்த வளைவுகள் வளர்ந்த பின்னரும் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஒரு பாகை அளவில் கூடக்கூடும் என்பதை, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நோயாளர்களைப் பல தசாப்தங்களாகத் தொடர்ந்து அவதானித்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இடைப்பட்ட வளைவுகளில் சில நிற்கும், சில நகரும், உங்களுடையது நகர்ந்திருக்கிறது. எனினும் ஒரே எக்ஸ்ரேயை இருவர் அளந்தால்கூட ஐந்து பாகை வரை வேறுபாடு வரலாம். ஆகவே பழைய எக்ஸ்ரே வீட்டில் எங்காவது இருந்தால் தேடியெடுத்து, இரண்டையும் ஒரே வைத்தியரைக் கொண்டு அளப்பியுங்கள்.

பதின்ம வயதில் சத்திரசிகிச்சை செய்வதன் முதன்மை நோக்கம் வளைவு மேலும் கூடாமல் தடுப்பதே. வளர்ந்தவர்களிடத்தில் பாகைக் கணக்கு மட்டும் போதிய காரணமாகாது. நோவு அன்றாட வாழ்வை எவ்வளவு முடக்குகிறது, நிற்கும்போது உடல் ஒரு பக்கமாகவோ முன்னோக்கியோ சாய்கிறதா, நரம்பு நெருக்கப்பட்டுக் கால் விறைப்போ பலவீனமோ உண்டா, மூச்சுக்கு இடர் உண்டா என்பவற்றையும் சேர்த்தே முடிவெடுக்கவேண்டும். முதுகுத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளையும் மருந்துகளையும் சில மாதங்களாவது ஒழுங்காகச் செய்து பார்த்தீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. செய்யவில்லையாயின் அங்கிருந்தே தொடங்குங்கள். காத்திருப்பதால் பொதுவாக எதுவும் கைநழுவிப் போவதில்லை. இடுப்புப் பகுதி வளைவுள்ள, நாற்பது முதல் எண்பது வயது வரையானவர்களைக் கொண்டு வட அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2019 இல் வெளிவந்த ஆய்வொன்றில், சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களின் நோவும் இயக்கமும் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறின. செய்யாதவர்கள் சராசரியாக முன்னேறவுமில்லை, இரண்டு ஆண்டுகளில் பெரிதாக மோசமடையவுமில்லை. கால் பலவீனமோ சிறுநீர் கட்டுப்பாடின்மையோ இருந்தால் மட்டும் இந்தப் பொறுமை பொருந்தாது.

இனி, சத்திரசிகிச்சை என்ன செய்கிறது என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள். முதுகின் நடுவே கீறி, முள்ளென்புகளில் திருகாணிகளைப் பொருத்தி, அவற்றை இருபுறமும் உலோகக் கம்பிகளால் இணைத்து, வளைவை இயன்ற அளவு நிமிர்த்துகின்றனர். பின்னர் முள்ளென்புகளின் மேற்பரப்பைச் சுரண்டி, என்புத் துணுக்குகளை அவற்றின்மீது பரப்புகின்றனர். அந்தத் துணுக்குகள் வழியாகப் பல முள்ளென்புகள் ஒரே என்பாக ஒட்டிக்கொள்ள ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, வளர்ந்தவர்களில் சிலவேளை அதற்கும் மேலாகச் செல்லும். என்பு ஒட்டும் வரை பிடித்து வைத்திருப்பதே உலோகத்தின் வேலை. என்பு ஒட்டாவிட்டால் எவ்வளவு வலிய கம்பியும் ஓயாத அசைவினால் ஒருநாள் முறியும். இப்பக்கத்தில் நான் கூறப்போகும் பெரும்பாலான அறிவுரைகளுக்கு இந்த ஒரு விடயமே காரணம்.

ஒட்டிய பகுதி மீண்டும் வளையாது. மார்புப் பகுதியில் மட்டும் ஒட்டினால் அந்த இழப்பு அவ்வளவாகத் தெரியாது. நாரியின் அடிவரை, இடுப்பென்பு வரை ஒட்டவேண்டி வந்தால், குனிந்து காலணி மாட்டுவதும் கால் நகம் வெட்டுவதும்கூடப் புதிதாகக் கற்கவேண்டியவையாகிவிடும். எனவே “எந்த முள்ளென்பிலிருந்து எதுவரை ஒட்டப்போகிறீர்கள்?” என்பதையே வைத்தியரிடம் முதலில் கேளுங்கள். அடுத்து, இத்தகைய சத்திரசிகிச்சைகளை அவர் எவ்வளவு அடிக்கடி செய்கிறார், சத்திரசிகிச்சை நடக்கும்போதே முண்ணாணின், அதாவது முள்ளந்தண்டினூடே செல்லும் நரம்புத் தண்டின், செயற்பாட்டை மின்சமிக்ஞை மூலம் கண்காணிக்கும் வசதி உண்டா என்பவற்றைக் கேளுங்கள். இவற்றைக் கேட்பதை நல்ல வைத்தியர் எவரும் அவமரியாதையாகக் கொள்ளமாட்டார்.

ஆபத்துகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வளர்ந்தவர்களுக்கான இச்சத்திரசிகிச்சையில் சிறியதும் பெரியதுமான சிக்கல்களைச் சேர்த்துப் பார்த்தால், மூவரில் ஒருவரேனும் ஏதோ ஒன்றைச் சந்திக்கிறார் என்பதே பல ஆய்வுகளின் முடிவு. அவற்றில் பெரும்பாலானவை சிறுநீர்த் தொற்று, குருதி குறைதல் போன்று சரிசெய்யக்கூடியவை. கிருமித்தொற்று, என்பு ஒட்டாமை, கம்பி முறிதல், ஒட்டிய பகுதிக்கு மேலோ கீழோ உள்ள மூட்டு தேய்தல் ஆகியவற்றால் சிலருக்கு மறுபடியும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். பலரும் அஞ்சும் நரம்புப் பாதிப்பு பதின்ம வயதினரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. வயதும் வளைவின் சிக்கலும் கூடக்கூட அந்த வீதமும் கூடும். உங்கள் வயதும் உடல்நிலையும் சாதகமானவை என்பதே என் எண்ணம். ஆயினும் உங்களுக்கான கணக்கை உங்கள் வைத்தியரே சொல்லவேண்டும்.

அம்மாவின் அச்சத்தைத் தள்ளிவிடாதீர்கள். அமெரிக்க வைத்தியர் போல் ஹரிங்டன் உருவாக்கிய கம்பிகள் பயன்பாட்டில் இருந்த 1960கள், 70களில், நோயாளர்கள் மாதக்கணக்கில் மார்பையும் வயிற்றையும் சுற்றிய பிளாஸ்டர் கட்டுடன் வாழ்ந்தார்கள். பலர் நீண்ட காலம் படுக்கையிலேயே இருந்தார்கள். அக்காலச் செய்திகளைக் கேட்டவர்களுக்குப் பயம் வருவது இயல்பு. இன்று பெரும்பாலானோர் மறுநாளே எழுந்து நிற்கிறார்கள். அடுத்த கிளினிக்குக்கு அம்மாவையும் அழைத்துச் சென்று, அவருடைய கேள்விகளை அவரே கேட்கச் செய்யுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 45 வயது. இன்னும் மூன்று மாதத்தில் முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சைக்குத் திகதி தந்துள்ளார்கள். அவருக்கு நீரிழிவு உண்டு. நாங்கள் இரண்டாம் மாடியில் வசிக்கிறோம், லிப்ட் இல்லை. பாடசாலை செல்லும் இரு பிள்ளைகள். என்னென்ன ஆயத்தங்கள் செய்யவேண்டும்?
– ஒரு கணவர், கொட்டாஞ்சேனை

பதில்: மூன்று மாதம் கையில் இருப்பது பெரும் வாய்ப்பு. அதனை வீணாக்காதீர்கள்.

முதலில் குருதிச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை இப்போதே செய்வியுங்கள். அது 7.5 அல்லது 8 வீதத்துக்குள் வந்தபின்னரே பல நிபுணர்கள் இத்தகைய பெரிய சத்திரசிகிச்சைக்குச் சம்மதிப்பார்கள். கூடுதலாக இருந்தால் காயம் ஆறுவது தாமதிப்பதோடு கிருமித்தொற்றும் எளிதில் ஏற்படும். அடுத்து என்பின் வலிமை. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும் பெண்ணுக்கு என்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் செய்வது நன்று. மென்மையான என்பில் திருகாணி பிடிக்காமல் தளர்ந்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால் சில மாதங்கள் மருந்து கொடுத்து என்பை வலுப்படுத்திய பின்னர் செய்யலாம். விற்றமின் டி அளவையும் பாருங்கள். வெயில் கொளுத்தும் நம் நாட்டிலும் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் நாளைக் கழிக்கும் பெண்களிடம் அது குறைவாக இருப்பது சாதாரணம். ஈமோகுளோபின் குறைவாக இருந்தால் இரும்புச்சத்துக் குளிசைகளை இப்போதே தொடங்கவேண்டும். மார்புப் பகுதி வளைவு பெரிதாயின் மூச்சுத் திறன் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் செய்வார்கள். பல்லில் சீழோ சொத்தையோ இருந்தால் அதற்கும் இந்த மாதங்களிலேயே சிகிச்சை பெறுங்கள். உடலில் எங்கு கிருமி இருந்தாலும் அது குருதி வழியே புதிய உலோகத்தைச் சென்றடையக்கூடும்.

குருதி பற்றி ஒரு சொல். இச்சத்திரசிகிச்சையில் குருதி இழப்பு அதிகம். அதனைக் குறைக்க மருந்துண்டு, சிந்திய குருதியைச் சேகரித்துச் சுத்திகரித்து மீளச் செலுத்தும் கருவியும் சில இடங்களில் உண்டு. இருந்தும் வங்கிக் குருதி தேவைப்படலாம். உறவினர்களுக்குள் உதவும் மனமிருந்தால் நாரஹேன்பிட்டியிலுள்ள தேசிய குருதி மத்திய நிலையத்திலோ நடமாடும் முகாம்களிலோ குருதி கொடுக்கட்டும். அது உங்கள் மனைவிக்கே சேரும் என்றில்லை; ஆயினும் அவருக்குத் தேவைப்படும்போது கிடைப்பது அப்படி யாரோ கொடுத்ததுதான்.

இனி வீடு. முதல் மூன்று மாதங்களுக்கு அவர் குனிவதோ, இடுப்பைத் திருப்புவதோ, இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்குவதோ கூடாது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து இரவு வரை அவர் செய்யும் வேலைகளை ஒருநாள் கூடவே இருந்து கவனித்துப் பாருங்கள். தேங்காய் துருவும் திருவலையில் குந்துவது, தும்புத்தடியால் கூட்டுவது, சட்டி பானைகளைக் கீழ்த்தட்டிலிருந்து எடுப்பது, உடுப்புத் தோய்த்த வாளியைத் தூக்குவது, பிள்ளைகளின் புத்தகப்பையை எடுத்துக் கொடுப்பது என்று நம் வீட்டுப் பெண்களின் வேலைகளில் பாதிக்கு மேல் தடைப்பட்டியலில் வந்துவிடும். அவற்றை யார் செய்யப்போகிறார்கள் என்பதை இப்போதே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். “எல்லாரும் பார்த்துக்கொள்வோம்” என்று விட்டால், மூன்றாம் வாரத்தில் அவரே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். என்பு ஒட்டாமற்போக இதுவும் ஒரு வழி.

பொருட்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு மாற்றுங்கள். கட்டில், அமர்ந்தால் முழங்கால் அளவு உயரம் இருக்கவேண்டும். பாயிலும் தாழ்ந்த சோபாவிலும் அமரக்கூடாது. குந்தும் மலசலகூடமாயின் அதன்மேல் வைக்கும் கொமோட் கதிரை ஒன்றை வாங்குங்கள். குளியலறையில் கைப்பிடி, வழுக்காத விரிப்பு, பிளாஸ்டிக் கதிரை ஆகியன அவசியம். கீழே விழுந்ததை எடுக்கும் நீண்ட இடுக்கி ஒன்றும், குனியாமல் மாட்டக்கூடிய, குதிகாலைப் பிடித்திருக்கும் செருப்பும் சிறு செலவில் பெரிய உதவி. மாடிப்படி குறித்து அதிகம் அஞ்சவேண்டாம். வீட்டுக்கு அனுப்புமுன் இயன்மருத்துவர் படியேறப் பழக்கியே அனுப்புவார். ஆனால் கைப்பிடி உறுதியாக இருக்கவேண்டும். முதல் வாரங்களில் ஒருவர் கூடவே செல்லவேண்டும். படுக்கையிலிருந்து எழும் முறையை, அதாவது தோளையும் இடுப்பையும் ஒன்றாகப் பக்கம் திருப்பி, கால்களைக் கீழே விட்டுக் கையூன்றி எழுவதை, இன்றிரவிலிருந்தே பழகட்டும். நோவோடு கிடக்கும்போது புதிதாகக் கற்பது கடினம்.

சத்திரசிகிச்சை நான்கு முதல் எட்டு மணித்தியாலம் வரை, சிலவேளை அதற்கு மேலும் செல்லும். நேரம் நீள்வதைக் கண்டு வெளியே இருப்பவர்கள் கலங்கவேண்டாம். முதல் இரவு பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழியும். முகம் வீங்கியிருக்கும், சிறுநீர்க் குழாயும் காயத்திலிருந்து வரும் குழாயும் இருக்கும். பிள்ளைகளை அன்று அழைத்துச் செல்லாதீர்கள். சிக்கலில்லாவிடில் ஒரு வாரம் அளவில் வீடு திரும்பலாம். உங்கள் விடுமுறையை வைத்தியசாலை நாட்களில் முடித்துவிடாமல், அவர் வீட்டுக்கு வரும் நாளிலிருந்து இரண்டு மூன்று வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியசாலையில் தாதியர் இருக்கிறார்கள், வீட்டில் நீங்கள்தான்.

கேள்வி: 64 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை நான். முதுமையில் வந்த வளைவுக்கும் நரம்பு நெருக்கத்துக்கும் சத்திரசிகிச்சை. இதயத்துக்காக அஸ்பிரின் எடுக்கிறேன். நாட்டு வைத்தியர் தந்த சூரணமும், தினமும் வெற்றிலை புகையிலையும் உண்டு. இவற்றையும் வைத்தியரிடம் சொல்லவேண்டுமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: மூன்றையும் சொல்லவேண்டும், அம்மா. அஸ்பிரினையும் குருதி உறையாமற் செய்யும் ஏனைய மருந்துகளையும் நீங்களாக நிறுத்தவும் கூடாது, நீங்களாகத் தொடரவும் கூடாது. இதய நிபுணரும் சத்திரசிகிச்சை நிபுணரும் பேசி, நிறுத்தும் நாளையும் மீண்டும் தொடங்கும் நாளையும் எழுதித் தரவேண்டும். சூரணத்தில் என்னென்ன உள்ளன என்பது தெரியாவிட்டால் பொட்டலத்தையே கொண்டு செல்லுங்கள். சில மூலிகைகள் குருதிப்போக்கைக் கூட்டும்; மயக்கமருந்தோடு முரண்படுபவையும் உண்டு.

புகையிலையை விட்டேயாகவேண்டும். நிக்கொட்டின் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சுருக்கி, ஒட்டவேண்டிய என்புக்குச் செல்லும் குருதியைக் குறைக்கிறது. சிகரெட் புகையோடு வந்தாலும் வெற்றிலையோடு மென்றாலும் உடலுக்கு அது நிக்கொட்டினே. சத்திரசிகிச்சைக்கு முன் ஆகக் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரங்களும், பின்னர் என்பு ஒட்டும் வரையும் அது உங்கள் வாயில் படக்கூடாது. நீண்ட காலப் பழக்கத்தை விடுவது எளிதன்று என்பதை அறிவேன். தனியே போராடாமல் கிளினிக்கில் உதவி கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை முடிந்து பத்து நாட்கள். மீன், முட்டை, கத்தரிக்காய், தக்காளி எல்லாம் கிரந்தி, புண் பழுத்துவிடும் என்று அப்பம்மா எதையும் கொடுக்க விடுகிறாரில்லை. சோறும் இரசமும் மட்டுமே. அம்மாவுக்குப் பசியுமில்லை, ஐந்து நாளாக மலமும் போகவில்லை.
– மகள், மட்டக்குளி

பதில்: மலச்சிக்கலை முதலில் பாருங்கள். மோர்பின் வகையைச் சேர்ந்த வலிநிவாரணிகள் குடலின் அசைவை மந்தமாக்கும். அசையாமல் கிடப்பதும் குறைந்த உணவும் அதைக் கூட்டும். ஐந்து நாட்கள் என்பது அதிகம். மலமிளக்கி மருந்து தந்திருந்தார்களா, அதைக் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்றே வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் பேசுங்கள். வயிறு உப்பி வாந்தியும் இருந்தால் பேசிக்கொண்டிராமல் உடனே அழைத்துச் செல்லுங்கள். தண்ணீர், பப்பாசிப்பழம், கீரை, வீட்டுக்குள் அடிக்கடி சிறு நடை ஆகியன துணை செய்யும்.

பத்தியம் குறித்து: காயம் ஆறவும் என்பு ஒட்டவும் உடலுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலான புரதம் தேவை. மீனும் முட்டையும் புண்ணைப் பழுக்கவைப்பதில்லை. கிருமிகளே அதற்குக் காரணம். முன்பு சாப்பிட்டு ஒவ்வாமை ஏற்பட்ட உணவை மட்டும் தவிர்த்தால் போதும். முள்ளோடு உண்ணும் நெத்தலியில் கல்சியமும் உண்டு. அப்பம்மாவோடு வாதாடி வெல்லவேண்டியதில்லை. கிளினிக்குக்குச் செல்லும்போது அவரையும் கூட்டிச்சென்று, தாதியோ வைத்தியரோ நேரில் சொல்லக் கேட்கச் செய்யுங்கள். அதுவரை பருப்பு, பயறு, பால், கோழி இரசம் என்று அவருடைய பத்தியத்துக்குள் அடங்கும் புரதங்களைத் தாராளமாகக் கொடுக்கலாம். அவர் சமைக்கும் சரக்குக் கறியும் நல்லதே. அதில் ஒரு துண்டு மீன் கூடுதலாக விழட்டும். பசியில்லாதவருக்கு மூன்று வேளைத் தட்டு மலைப்பைத் தரும்; இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகக் கொடுங்கள்.

காயத்தில் எண்ணெயோ மஞ்சளோ பூசவேண்டாம். முதுகில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதும் நிபுணர் அனுமதிக்கும் வரை கூடாது.

கேள்வி: எனக்கு 47 வயது. சத்திரசிகிச்சை முடிந்து ஏழு வாரங்கள். எக்ஸ்ரே நன்றாக உள்ளது என்கிறார்கள். ஆனால் தோள்பட்டைகளுக்கு இடையே முன்பில்லாத நோ. இரவில் நித்திரை இல்லை. ஏன் இதைச் செய்தேன் என்று அழுகை வருகிறது. ஆண்பிள்ளை அழுவதா என்று வீட்டில் கேட்கிறார்கள்.
– வாசகர், வத்தளை

பதில்: இந்தப் பக்கத்தில் நான் மிகுந்த அக்கறையோடு எழுதும் பதில் இதுவே, தம்பி. உங்களுக்கு நேர்ந்திருப்பது மிகப் பலருக்கு நேர்வது. ஆனால் வைத்தியசாலையை விட்டு அனுப்பும்போது இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. முதல் இரண்டு மூன்று வாரங்கள் கடுமையான நோவோடும் சுற்றி நிற்கும் மனிதர்களோடும் கழிந்துவிடுகின்றன. ஆறாம், ஏழாம் வாரத்தில் விசாரிக்க வருபவர்கள் குறைகிறார்கள், வலிநிவாரணிகள் குறைக்கப்படுகின்றன, வேலைக்கும் போகமுடியவில்லை. உடலோ இன்னும் அந்நியமாக இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் மனம் சரிகிறது. அழுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. வீட்டிலுள்ளவர்கள் இதனை வாசிக்கவேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்: அவர் சோம்பலாலோ கோழைத்தனத்தாலோ இப்படி இருக்கவில்லை.

தோள்பட்டை நோவுக்கு விளக்கம் உண்டு. பல ஆண்டுகளாக வளைவுக்கு ஏற்பப் பழகியிருந்த தசைகள், ஒரே நாளில் மாற்றப்பட்ட முதுகில் புதிய நீளத்தில் வேலை செய்யக் கற்கின்றன. நோவு இடம் மாறுவதும், தொட்டால் மரத்திருப்பதும், மின்னல் போல் வெட்டுவதும் இக்காலத்தில் வழக்கம். நரம்பு சார்ந்த நோவுக்குத் தனியான குளிசைகள் உண்டு. வைத்தியரிடம் சொன்னால்தான் அவற்றைத் தருவார். மருந்தகத்தில் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்றவற்றை நீங்களாக வாங்காதீர்கள். என்பு ஒட்டும் முதல் மாதங்களில் அவ்வகை மருந்துகளைப் பல நிபுணர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். பரசிட்டமோல் பாதுகாப்பானது, ஆனால் 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளில் எட்டுக்கு மேல் ஆகாது. மோர்பின் வகை மருந்தைத் திடீரென நிறுத்தினாலும் நித்திரையின்மையும் அழுகையும் பதற்றமும் வரும். நிறுத்தினீர்களா என்பதைச் சொல்லுங்கள். படிப்படியாகக் குறைக்கவே வேண்டும்.

ஏழு வாரத்தை வைத்து இச்சத்திரசிகிச்சையை மதிப்பிடாதீர்கள். பெரும்பாலானோருக்கு மூன்றாம் மாதத்தில் வேறுபாடு தெரியத் தொடங்கும். முன்னேற்றம் ஒரு வருடம் வரையும் அதற்கு மேலும் தொடரும். அதற்கிடையில் உங்களுக்கு இருக்கும் மருந்து நடை. காலையிலும் மாலையிலும் வெயில் தணிந்த நேரத்தில் சமதரையில் நடவுங்கள். வாரத்துக்கு வாரம் சில நிமிடங்களைக் கூட்டுங்கள். ஒருநாள் அதிகம் நடந்து மறுநாள் முழுவதும் படுத்துக்கிடப்பதைவிட, நாளும் ஒரே அளவு நடப்பது மேல். நித்திரைக்கு, பக்கவாட்டில் படுத்து முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துப் பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் இதே மனநிலை நீடித்தால், அதற்கென வைத்தியரைக் காணுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

கேள்வி: 27 வயதான என் மகளுக்கு வளைவு 52 பாகை. வரன் பார்க்கிறோம். திருமணத்துக்கு முன் சத்திரசிகிச்சை செய்துவிட்டால் சொல்லாமல் விடலாமா? பிள்ளை பெறமுடியுமா?
– தாயார், பம்பலப்பிட்டி

பதில்: பிள்ளை பெறுவதற்கு வளைவோ சத்திரசிகிச்சையோ பொதுவாகத் தடையில்லை. சத்திரசிகிச்சை செய்தால் என்பு ஒட்டும் வரை, ஏறத்தாழ ஒரு வருடம், கருத்தரிப்பைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள். சுகப்பிரசவமும் இயலும், நாரிப் பகுதி ஒட்டப்பட்டிருந்தால் முதுகில் ஊசி ஏற்றி விறைக்கச் செய்வது கடினமாகலாம் என்பதால், மயக்கமருந்து நிபுணரைக் கர்ப்ப காலத்திலேயே சந்தித்து வைக்கவேண்டும்.

சொல்லாமல் விடலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது என்பதே. கழுத்தடியிலிருந்து நாரி வரை செல்லும் தழும்பையும் ஒரு வருடப் பராமரிப்பையும் கணவனிடமிருந்து மறைத்துக்கொண்டு எந்தப் பெண் நிம்மதியாக வாழமுடியும்? அதைவிட முக்கியமாக, உங்கள் கடிதத்தில் மகள் என்ன விரும்புகிறார் என்று ஒரு வரியும் இல்லை. அவருக்கு நோ உண்டா, வளைவு கூடிவருகிறதா என்பவையே சத்திரசிகிச்சையைத் தீர்மானிக்கவேண்டும். பெண் பார்க்க வருபவர்களின் கண்ணுக்காக இத்துணை பெரிய சத்திரசிகிச்சையைச் செய்யச் சொல்லாதீர்கள். சேலைச் சட்டை தைக்கும்போது ஒரு தோள் இறங்கித் தெரிவது அவரையே வருத்துகிறது, அதற்காக அவரே விரும்புகிறார் என்றால் அது வேறு. அந்த வருத்தமும் வைத்தியர் முன் சொல்லத்தக்க நியாயமான காரணமே.

கேள்வி: கனடாவிலுள்ள அண்ணா செலவை ஏற்கிறார். சென்னையில் செய்வது நல்லதா, இங்கேயே செய்வதா?
– வாசகர், கொழும்பு 13

பதில்: இரு இடங்களிலும் தேர்ந்த நிபுணர்கள் உள்ளனர். இங்குள்ள அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம், காத்திருக்கவேண்டியிருக்கும். சென்னைக்குச் செல்வதாயின், திரும்பி வந்தபின் உங்களைப் பார்க்கப்போகும் இலங்கை நிபுணரைப் புறப்படுமுன்னரே கண்டு அவரது சம்மதத்தைப் பெறுங்கள். ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டியிருக்கும். காயத்தில் நீர் கசிந்தால் நள்ளிரவில் சென்னைக்குப் பறக்கமுடியாது. சத்திரசிகிச்சைக் குறிப்பு, பொருத்திய உலோகத்தின் விபரம், எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் பிரதிகள் அனைத்தையும் கையோடு வாங்கி வாருங்கள். விமானப் பயணம் ஒன்றரை மணித்தியாலம் அளவுதான் என்றாலும், திரும்பும் நாளை நிபுணர் அனுமதித்த பின்னரே குறியுங்கள்; காலில் குருதி உறையும் ஆபத்து முதல் வாரங்களில் கூடுதல்.

கேள்வி: எப்போது வேலைக்குப் போகலாம்? பஸ்ஸில், ஓட்டோவில் ஏறலாமா? கோயிலில் விழுந்து கும்பிடலாமா?
– வாசகி, கிராண்ட்பாஸ்

பதில்: மேசை வேலையாயின் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில், முதலில் அரைநாளாகத் தொடங்கலாம், அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கவேண்டும். நின்றபடியோ பாரம் தூக்கியோ செய்யும் வேலைக்கு ஆறு மாதமாவது ஆகலாம். நெரிசல் நேரத்துப் பஸ்ஸில் நின்றுகொண்டு போவதை முதல் மூன்று மாதங்களுக்கு எண்ணவே வேண்டாம். காலி வீதியில் சாரதி பிரேக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் முதுகு திருகும். ஓட்டோ பள்ளத்தில் விழுந்தெழும்பும், ஏறும்போது குனியவும் வேண்டும்; ஆகவே இயன்றவரை காரில், இருக்கையைச் சற்றுச் சாய்த்து அமர்ந்து செல்லுங்கள். நீங்களே வாகனம் ஓட்டுவதற்கு, மயக்கம் தரும் மருந்துகள் நின்று, சடுதியாக பிரேக் மிதிக்கும் வலுவும் வந்திருக்கவேண்டும். அதற்கு ஆறு வாரமாவது ஆகும். கோயிலில் நின்று கைகூப்பினால் போதும். கூச்சத்தால் பலரும் கேட்காமல் விடும் தாம்பத்திய உறவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஆறு வாரமளவில், நோவு அனுமதித்தால், முதுகு வளையாத நிலையில் தொடங்கலாம்.

கேள்வி: வீட்டுக்கு வந்த பின்னர் எந்த அறிகுறிகளுக்குப் பயப்படவேண்டும்?
– வாசகர், மருதானை

பதில்: கால் திடீரெனப் பலவீனமடைதல், தொடைகளின் உட்புறமும் மலவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது அடைபடுதல், நெஞ்சு நோவுடன் மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் ஒரு மணித்தியாலமும் தாமதிக்காதீர்கள். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தாண்டுதல், காயம் சிவந்து கசிதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோதல், எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலையிடி ஆகியவற்றுக்கு அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மாதங்கள் கழித்து முதுகில் ஏதோ முறிந்தது போன்ற உணர்வும் புதிய நோவும் வந்தால், கம்பி முறிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும்.

கேள்வி: உடலில் கம்பி இருந்தால் பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கமுடியுமா? கட்டுநாயக்கவில் மறிப்பார்களா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இப்போது பயன்படும் டைட்டானியம், கோபால்ட் குரோம் கம்பிகளோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், கம்பியை ஒட்டிய பகுதி மட்டும் தெளிவாகத் தெரியாது. ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். விமான நிலையக் கருவி சிலருக்கு ஒலிக்கும், பலருக்கு ஒலிக்காது. ஒலித்தால் விபரத்தைச் சொல்லித் தழும்பைக் காட்டலாம். வைத்தியசாலை தந்த அட்டையின் பிரதியொன்றைக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.